தண்ணீர் ஏறாத தொட்டி

தமிழினி கூப்பிடுவதற்கு முன்பே அவள் கூப்பிட்டது லோகாவுக்குக் கேட்டுவிட்டது.

"சித்தி, சூச்சூ வருது."

சுவரோரமாக உட்கார்ந்து பையிலிருந்து குழந்தையின் துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தவளின் காதருகே, மூச்சுக்காற்று படுகிற நெருக்கத்தில் வந்தது குரல். திரும்பிப் பார்த்தாள். குழந்தை அந்த வட்ட அறையின் மறுகோடியில், கட்டில்மேல் உட்கார்ந்து, இரண்டு கன்னமும் உப்பும்படி பிஸ்கெட்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. அந்த வாயிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை வந்திருக்க முடியாது. லோகா மறுபடி துணியில் குனிந்தாள். ஒரு கவுனை மடித்து முடித்திருப்பாள். பிஸ்கெட்டை விழுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கிய குழந்தை, அதே இழுவையோடு சொன்னது.

"சித்தி, சூச்சூ வருது."

லோகா அவளை வாரித் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். பிறந்ததிலிருந்து கூடவே இருந்து இருந்து, இந்தக் குழந்தை கேட்கப்போவது எல்லாம் தனக்கு முன்கூட்டியே காதில் விழ ஆரம்பித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மழை எந்த நேரமும் இறங்கிவிடலாம் என்று மிரட்டிக்கொண்டிருந்த கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை அது. ஊரப்பாக்கம் ஃபிளாட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அக்கா மாளவிகா, அவள் புருஷன் தயாளன், குழந்தை, லோகா நாலு பேரும் காரில் கிளம்பியிருந்தார்கள். வண்டலூரில் கேளம்பாக்கம் ரோட்டுக்குத் திரும்பி, அதிலிருந்து ஒரு மண்பாதையில் இறங்கியதுமே அது தெரிந்தது. காலி மனைகளுக்கும் கருவேலம் புதருக்கும் நடுவில், உயரமான தூண்கள்மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய வட்டத் தண்ணீர்த் தொட்டி. அதன் வயிற்றில் ஜன்னல்கள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பூத்தொட்டி.

மனைப்பிரிவுக்காகக் கட்டிய தொட்டியாம். எங்கே போர் போட்டாலும் வெறும் காற்றுதான் வந்ததாம். மனைகள் விற்காமல், நிலம் அதன் பழைய சொந்தக்காரர் ஜெயவேலுவின் கைக்கே திரும்பி வந்துவிட்டது. அவர் தொட்டிக்குள் கட்டில் போட்டு, ஏசி மாட்டி, கெஸ்ட் ஹவுஸ் ஆக்கிவிட்டார். தயாளனின் ஆபீஸில் யாரோ இங்கே தங்கிவிட்டுப் போட்டோ போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரு சொட்டுத் தண்ணி ஏறல சார்," என்று சொல்லிக்கொண்டே சுற்றுப்படியில் முன்னால் ஏறினார் ஜெயவேலு. "பூசணிக்கா ஒட்ச்சி, பூஜ போட்டு, எல்லாம் செஞ்சாச்சு. இன்னா பிரயோஜனம்? இப்ப பாருங்க, ஐ.டி.காரங்க போட்டி போட்டுக்கினு வர்றாங்க."

"நாங்க தூங்கும்போது மோட்டர் போட்டு ரொப்பிடாதீங்கண்ணா," என்றார் தயாளன் மாமா.

"மோட்டரே கெடையாது சார்! பயப்படாதீங்க." ஜெயவேலு சிரித்தார். "உள்ள ஒரு வேடிக்க கீது. சொவுத்துல வாய வச்சிகினு மெல்லமா பேசுங்க. அந்தாண்ட காத வச்சிகினு கீறவங்களுக்கு அப்டியே கேக்கும். பாதிப் பேரு அதுக்கோசரம்தான் வர்றாங்க."

கடைசிப் படி வரைக்கும் வாய் ஓயாமல் வந்த மனிதர், வாசலைத் தாண்டியதும் உதடுகளை இறுக மூடிக்கொண்டார். ஏசி ரிமோட்டைக் கையால் காட்டினார். பாத்ரூமைக் கையால் காட்டினார். மாமா வைஃபை பாஸ்வேர்டு கேட்டபோது தலையை ஆட்டி, அவரை வெளியே படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்.

"அவருக்கு உள்ள சிக்னல் கெடைக்காது போல," என்று மாமா சொல்ல, அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். லோகா சிரிக்கவில்லை. ஒரு மனிதர் தன் சொந்த இடத்துக்குள் வந்து வாயை மூடிக்கொள்வதை அவள் பார்த்ததில்லை.

உள்ளே குறுக்குச் சுவர் என்று ஒன்றும் கிடையாது. ஒரே வட்டம். கட்டிலுக்குக் கட்டில் மறைப்பாகக் கனத்த திரைகள் தொங்கின, அதுவும் வெளிச்சுவரைத் தொடாமல் ஓரத்தில் கையகல இடைவெளி விட்டு. அந்த இடைவெளி வழியாக வெள்ளையடித்த சுவர் எங்கேயும் நிற்காமல் வழுவழுவென்று சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஏசி குளிர், புதுப் பெயிண்ட், ரூம் ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் அடியில், ஒருநாளும் தண்ணீர் ஏறாத அந்தத் தொட்டிக்குள் பாசி வாசனை அடித்தது.

அக்காவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு சுவரோடு விளையாடினார்கள். "ஐயே, காதுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்று அக்கா குதித்தாள். பிறகு, "லோகா, நீ பேசுடி," என்று அவளை இழுத்துச் சுவரருகே நிறுத்தினாள். லோகா வாயைக் கொண்டுபோனாள். சில்லென்றிருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ம்," என்றாள்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"விடு மாலு," என்றார் மாமா எதிர்ப்பக்கத்திலிருந்து. "அவ ஸ்டாக்ல ஒரே எழுத்துதான் இருக்கு."

அது உண்மைதான். லோகநாயகி என்று அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைத்த அந்தப் பெண்ணுக்கு, யார் என்ன சொன்னாலும் "ம்" கொட்டித்தான் பழக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா வீட்டுக்கு வந்தாள். பதினொன்றாவது படிக்கும்போது, வீட்டில் எல்லாரும் 'இனி' என்று கூப்பிடுகிற தமிழினி பிறந்தாள். லீவு முடிந்து அக்கா வேலைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. "ஒரு வருஷம் பாத்துக்கறியாடி? அப்புறம் திரும்ப ஸ்கூல்ல சேந்துக்கலாம்." அதற்கும் "ம்". அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. வரும் ஜூனில் தமிழினி எல்.கே.ஜி. போகிறாள். அதற்குப் பிறகு தன்னை எங்கே வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேட்க வாய் வரவில்லை. அதனால் பல மாதமாக லோகா காதால் வாழ்ந்துகொண்டிருந்தாள். சமையலறையில் தண்ணீர்க் குழாயை மெல்லத் திருகிவிட்டு, துணி காயவைக்கும் சாக்கில் பால்கனியில் நின்று, சாத்திய கதவுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு. தன் பெயர் எப்போது வரும் என்று.

மழை பிடிப்பதற்குள் போட்டோ எடுத்துவிடலாம் என்று மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். லோகா ஃபிளாஸ்க்கைக் கழுவி, குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"ஜூன் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? அந்த ஜவுளிக்கடை ஹாஸ்டல்ல இப்பவே ஆள் எடுக்கறாங்களாம். சாப்பாடு, தங்கறது எல்லாம் அவங்களே."

"இனி அழுவாளே." இது மாமா.

"ரெண்டு நாள் அழுவா. அப்புறம் மறந்துடுவா. கொழந்தைங்களுக்கு என்ன? நம்ம ரெண்டு பேரும் நிம்மதியா பேசி எவ்ளோ நாளாச்சு சொல்லுங்க. எப்ப பாத்தாலும் கதவுகிட்ட ஒட்டிக்கிட்டு நிக்கறா, பல்லி மாதிரி."

ஸ்பூன் டம்ளரில் ஒருமுறை இடித்தது. லோகா அதைப் பிடித்து நிறுத்தினாள். இவர்கள் எப்போது மேலே வந்தார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் ஓரத்தை விரலால் விலக்கினாள்.

கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். வெகு கீழே, கேட்டுக்குப் பக்கத்தில், அக்கா குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா செல்போனோடு பின்னுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். குழந்தை மனைக்கல்மேல் ஏறி நின்றது.

முதல் தூறல் விழுந்ததும் மூன்று பேரும் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். லோகா டீ கொடுத்தாள். குழந்தை தலையைத் துவட்டிப் பால் கொடுத்துத் தன் மடியில் போட்டுத் தட்டினாள். அக்கா புடவை மாற்றத் திரைக்குப் பின்னால் போனாள். மாமாவும் டீயை எடுத்துக்கொண்டு போனார். கட்டில் கிரீச்சிட்டது. சுவர் வழியாக, லோகாவின் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல அக்கா ஆரம்பித்தாள்.

"ஜூன் வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?"

லோகாவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. ஹாஸ்டல். சாப்பாடு. இனி அழுவாளே. ரெண்டு நாள். ஒரு சொல் முன்னே பின்னே இல்லை. "பல்லி மாதிரி" என்கிற இடத்தில் அக்கா சின்னதாகச் சிரித்தது கூட அப்படியே இருந்தது. முதல் தடவை கேட்டபோது அழுகை வந்தது. இப்போது அழுகை வரவில்லை. மடியிலிருந்த குழந்தையோடு சுவரைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மழை வலுத்தது. தொட்டியின் மேல்மூடியில் அது விழுகிற சத்தம், மூட்டை மூட்டையாய் அரிசியை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி நிற்காமல் வந்தது. ஒரு இடியோடு கரண்ட் போனது. ஏசியின் உறுமல் அடங்கியதும் அந்தப் பாசி வாசனை எழுந்து வந்து மூக்கருகில் நின்றது. பொழுது இன்னும் சாயவில்லை, ஆனால் ஜன்னல்களில் சாம்பல் நிறத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. திரைகள் காற்றே இல்லாமல் லேசாக உள்ளே உப்பின, வெளியே உப்பின. மாமா படிக்கட்டுப் பக்கம் நின்று செல்போனில் யாரிடமோ ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிகிறது, ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று பேசிக்கொண்டிருந்தார். அக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லோகா தூங்கிவிட்ட குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு எழுந்தாள்.

போகக்கூடாது என்று தெரிந்தது. ஆனால் இந்தச் சுவருக்கு அடுத்து வரப்போவது தெரியும். அக்கா இன்றைக்கே சொல்லிவிடுவாளா? சொல்லும்போது மாமா மறுத்துப் பேசுவாரா? குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுதால் அக்கா மனசு மாறுமா? இத்தனை மாதம் கதவுகளில் தேடியது இங்கே கிடைத்துவிடும். கடைசித் திரைக்கு அப்பால், யாரும் இல்லாத இடத்தில், அவள் சுவரில் காதை வைத்தாள்.

மழைச் சத்தம் நின்றுவிட்டது. வெளியே மழை நிற்கவில்லை. ஜன்னலில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அக்காவுடையது இல்லை. எங்கேயோ கேட்ட குரல். வாய்விட்டு, தெளிவாக, கூச்சமே இல்லாமல் பேசுகிற குரல். அது தன்னுடைய குரல் என்று புரிய லோகாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் குரலை இவ்வளவு நீளமாக அவள் கேட்டதே இல்லை.

அது கதை சொன்னது.

"ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அவளுக்கு அப்பா அம்மா இல்ல."

கதை சொல்கிறவர் நிறுத்தினால் கேட்கிறவர் "ம்" கொட்டவேண்டும். இல்லாவிட்டால் கதை நகராது. தமிழினிக்கு அவள் அப்படித்தான் பழக்கியிருந்தாள். குரல் நிறுத்திக் காத்திருந்தது. சுவர் காத்திருந்தது.

"ம்," என்றாள் லோகா.

"படிப்ப விட்டா."

"ம்."

"கொழந்தைய அவதான் வளத்தா. மூத்திரத் துணி தொவச்சா. ராப்பூரா தோள்ல போட்டு நடந்தா."

"ம்." இதை யாராவது ஒருமுறை சொல்லவேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கன்னத்தை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"இப்ப அவள அனுப்பப் போறாங்க."

"ம்."

"அவளுக்குப் பேசத் தெரியாது. கேட்டுக்கிட்டேதான் இருப்பா."

"ம்."

"எனக்குப் பேசத் தெரியும்."

"ம்."

"நான் போய்ப் பேசறேன். அவ இங்க இருந்து கேக்கட்டும்."

"ம்."

பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற வெறும் "ம்" தான் அது. யாருக்கும் எதற்கும் அவள் சம்மதம் கொடுக்கவில்லை.

குரல் மறுபடி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நீண்ட மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தார்கள். வெகு நாள் மூச்சே விடாதவர்கள் இழுக்கிற மாதிரி.

மழைச் சத்தம் திரும்ப வந்தது.

"மாலு, கெளம்பு கெளம்பு! இன்னும் அர மணி நேரம் போனா கார் தாண்டாது!" மாமா கத்தினார். அக்கா புடவைகளைப் பையில் திணித்தாள். "லோகா! எங்கடி போய்த் தொலைஞ்ச? இனியத் தூக்கு!"

"இதோ வந்துட்டேன்க்கா!"

லோகா வாயைத் திறக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி நடந்து வந்தாள். அதே மஞ்சள் சுடிதார். அதே ஒற்றைப் பின்னல். பின்னலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் குனிந்து, தூங்குகிற குழந்தையை அலுங்காமல் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்படி எடுக்க லோகாவுக்குத்தான் தெரியும்.

"அக்கா!" என்று லோகா அலறினாள்.

அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. எதிர்ப்பக்கச் சுவரில், மாமாவின் காதருகில் மெல்லிசாக ஏதோ கசிந்தது. மாமா எறும்பைத் தட்டுவதுபோல காதைத் தட்டிவிட்டுக்கொண்டு பையைத் தூக்கினார்.

லோகா ஓடினாள். தோள் சுவரில் உரசியது. விலகி ஓடினாள். தோள் சுவரில் உரசியது. கட்டிலைப் பார்த்து ஓடினாள், வாசலைப் பார்த்து ஓடினாள். கையை எடுத்தாள். கை வந்தது. சுவரும் கூடவே வந்தது.

சார்ஜ் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஜெயவேலு வந்தார். பைகளை வாங்கிக்கொண்டார். குழந்தையோடு தன்னைக் கடந்து போனவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். அவளுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்தது சுவரை. லோகா நின்ற இடத்தைச் சரியாகப் பார்த்தார். இறுக மூடிய அவர் உதடுகள் ஒருமுறை துடித்தன. பிறகு லைட்டை அந்தப் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டு, நிதானமாக ஒவ்வொரு திரையாக இழுத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

பூட்டுச் சத்தம். படிகள். மழை.

ஜன்னல் மட்டும் சுவரில் இருந்தது. அங்கே அவளால் போக முடிந்தது.

கீழே காரின் உள்விளக்கு எரிந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த உயரத்திலிருந்து, அந்த மழையில், அவர்கள் பேசியது ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்தது. இங்கே நிற்கிறவளுக்குக் கேட்பதற்கு மட்டும் குறையே இல்லை.

"அக்கா, நான் ஹாஸ்டலுக்கெல்லாம் போகமாட்டேன். சொல்லிட்டேன். இவள நான்தான் பாத்துப்பேன்."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சந்தோஷமாக, மனசு விட்டு. லோகாவிடம் இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. "அடேங்கப்பா! உனக்கு இவ்ளோ பேச வருமாடி? இப்பிடிக் கலகலன்னு இருந்தா உன்ன எதுக்கு நாங்க அனுப்பப் போறோம்?"

"இருக்கட்டும் மாலு," என்றார் மாமா. "ஸ்கூல் போனாலும் கூட்டிட்டு வர ஆள் வேணும்ல."

தமிழினி முழித்துக்கொண்டாள். தன்னை மடியில் வைத்திருந்தவளின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். லோகா கேட்டறியாத ஒரு கத்தல் அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து கிளம்பியது.

"இது சித்தி இல்ல! அம்மா! இது சித்தி இல்லம்மா!"

"ஏய், தூக்கக் கலக்கத்துல உளறாத!" பளீரென்று ஒரு அடி விழுந்தது.

"அடிக்காதக்கா. விடு. ராத்திரி எங்கூடவே படுத்துக்கட்டும்."

லோகா சுவரை அறைந்தாள். கத்தினாள். நகத்தால் கீறினாள். சத்தம் வட்டமாக ஓடி, வட்டமாகத் திரும்பி வந்து, அவள் காதிலேயே விழுந்தது.

கார் நகர ஆரம்பித்தது. பின்சீட்டுக் கண்ணாடியில் தமிழினியின் முகம் ஒட்டிக்கொண்டு மேலே பார்த்தது. தொட்டியை, ஜன்னலை, நேராக அவளையே பார்த்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கண்ணாடியில் பதித்து, விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. பின்னாலிருந்து மஞ்சள் சுடிதாரின் கை ஒன்று நீண்டது. அந்தப் பிஞ்சு விரல்களை, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, லோகாவின் கை கண்ணாடியிலிருந்து பிரித்தெடுத்தது.